மிக்ஸ்டேப் புலி, ஆல்பத்தில் எலியா?

இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுக்க ராப்புக்கு. ஊரே பேசும் இளம் ராப்பர்களின் முதல் ஸ்டூடியோ ஆல்பம் பற்றி வந்த கடிதங்களில் ரசிகர்கள் கேட்டவையும் உண்டு, மைக் முன்னால் நிற்கிறவர்கள் கேட்டவையும் உண்டு. பிரிக்காமல் கலந்தே தருகிறோம்.

கேள்வி: மூன்று மிக்ஸ்டேப், ஒரு ஈபி (ஆல்பத்தைவிடச் சிறிய தொகுப்பு) என்று நாற்பது பாட்டு வெளியிட்டுவிட்ட ஒருவர், இனி வரப்போவதுதான் ‘முதல் ஆல்பம்’ என்கிறாரே. இது என்ன கணக்கு?

பதில்: பாதி சட்டக் கணக்கு, பாதி விளம்பரக் கணக்கு. மிக்ஸ்டேப் என்பது முதலில் டிஜேக்கள் கேசட்டில் தொகுத்துக் கொடுத்தது. பிறகு, அடுத்தவர் பீட்டின் (பாட்டின் பின்னணி இசையின்) மேல் தன் வரிகளைப் பாடி இலவசமாகச் சுற்றுக்கு விடும் வடிவமாக மாறியது. ஸ்டூடியோ ஆல்பம் அப்படியல்ல. ஒவ்வொரு பீட்டுக்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், ஒவ்வொரு சாம்பிளுக்கும் (பிறர் பதிவிலிருந்து வெட்டியெடுத்த துண்டுக்கும்) அனுமதி வேண்டும், லேபிளோடு கையெழுத்திட்ட தாளில் ‘ஆல்பம் ஒன்று’ என்று எண்ணப்பட வேண்டும்.

டிரேக் 2009-ல் ‘ஸோ ஃபார் கான்’ மிக்ஸ்டேப்பால் பெயர் வாங்கினார். அவருடைய முதல் ஆல்பமாக எண்ணப்படுவது 2010-ல் வந்த ‘தேங்க் மி லேட்டர்’. இதைவிட வேடிக்கை சான்ஸ் தி ராப்பர் கதை. மிக்ஸ்டேப் என்றே அவர் அழைத்த ‘கலரிங் புக்’ 2017-ல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. ‘முதல் ஆல்பம்’ என்று அவர் அறிவித்த ‘தி பிக் டே’ வந்ததோ 2019-ல்!

ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. ஆப்பிள் மியூசிக்கில் ஏழு பாட்டோ அதற்கு மேலோ இருந்தாலோ, மொத்த நீளம் 30 நிமிடத்தைத் தாண்டினாலோ அது ஆல்பம். அவ்வளவுதான்.

கேள்வி: மிக்ஸ்டேப்பில் அனல் பறக்கப் பாடியவர்கள் முதல் ஆல்பத்தில் ஏன் அடிக்கடி சொதப்புகிறார்கள்? எதிர்பார்ப்பின் சுமையா?

பதில்: சுமை என்பது சௌகரியமான விளக்கம். எங்கள் பார்வையில் காரணம் வேறு. மிக்ஸ்டேப்பில் அவர் பாடிய பீட்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வெற்றி பெற்றவை. கேட்கிறவரின் காது அந்த மெட்டுக்குப் பழகியிருக்கும், அதன் மேல் வார்த்தை விளையாட்டைக் காட்டினால் போதும். ஆல்பத்தில் புது பீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) எழுத வேண்டும், மூன்றாவது வெர்ஸ் (சரணம்) வரைக்கும் பேச விஷயம் வேண்டும். அதாவது ராப்பர் என்பதோடு பாட்டு கட்டுகிறவராகவும் ஆக வேண்டும். இந்த இரண்டாவது வேலையை மிக்ஸ்டேப் கற்றுத் தருவதில்லை.

அடுத்த காரணம், பயத்தில் எடுக்கும் முடிவுகள். ரேடியோவுக்கு ஒன்று, கிளப்புக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று, பழைய ரசிகர்களுக்கு ஒன்று என்று பங்கு பிரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரபலத்தை விருந்தாளியாக அழைப்பார்கள். 14 பாட்டில் 10-ல் இன்னொருவர் குரல் இருந்தால், கேட்டு முடித்த பிறகு யாருடைய ஆல்பம் என்பதே நினைவில் நிற்காது.

நேர்மாறான உதாரணம் நியூயார்க் ராப்பர் நாஸ். 1991-ல் மெயின் சோர்ஸ் குழுவின் பாட்டொன்றில் ஒரே ஒரு வெர்ஸ் பாடியதும் நியூயார்க்கே அவர் பெயரைப் பேசியது. முதல் ஆல்பம் ‘இல்மேட்டிக்’ வெளியானது 1994 ஏப்ரல் 19-ல், அவருக்கு 20 வயதில். தொடக்க ஒலித்துண்டையும் சேர்த்து 10 ட்ராக், 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விருந்தாளி ராப்பராக வெர்ஸ் பாடியவர் ஏ.இஸட் ஒருவர்தான். டிஜே பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் ப்ரொஃபெஸர், எல்.ஈ.எஸ். என்று ப்ரொட்யூஸர்கள் பலர். ராப் ஆல்பத்தை ஒரே ப்ரொட்யூஸரோ ஒரே குழுவோ செய்துகொண்டிருந்த நாட்களில் இது புதுசு. இத்தனை கைகள் பட்டும் ஆல்பம் சிதறவில்லை. சொல்கிற இடம் ஒன்று, குரலின் தொனி ஒன்று, பீட் எல்லாமே ஒரே தூசு படிந்த நிறம். எத்தனை பேர் செய்தார்கள் என்பதல்ல, எதை வேண்டாம் என்றார்கள் என்பதில்தான் முதல் ஆல்பம் பிழைக்கிறது.

அதற்காகக் காலம் கடத்தவும் கூடாது. ஜே எலக்ட்ரானிக்கா 2009-ல் ‘எக்ஸிபிட் சி’ பாட்டால் உச்சத்தில் பேசப்பட்டார். முதல் ஸ்டூடியோ ஆல்பம் வந்தது 2020-ல். அதற்குள் முதலில் காத்திருந்தவர்களின் பிள்ளைகள் ராப் கேட்கத் தொடங்கியிருப்பார்கள்.

கேள்வி: ஆல்பத்தில் எத்தனை பாட்டு வைக்கலாம்? என் நண்பர் 22 என்கிறார்.

பதில்: உங்கள் நண்பருக்கு ஸ்ட்ரீமிங் கணக்கு தெரிந்திருக்கிறது. அமெரிக்க இசைத் தரவரிசை வெளியிடும் பில்போர்டு 2018-ல் வகுத்த விதிப்படி கட்டணச் சந்தாதாரர்களின் 1,250 கேட்புகள், அல்லது விளம்பரத்தோடு கேட்பவர்களின் 3,750 கேட்புகள் ஓர் ஆல்ப விற்பனைக்குச் சமமாக இருந்தன; 2026 ஜனவரியில் இது 1,000, 2,500 எனக் குறைக்கப்பட்டது. பாட்டு கூடினால் ஒரே ரசிகரிடமிருந்து கூடுதல் கேட்பு. ஆல்பங்கள் திடீரென்று பெருத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் இந்த வித்தை ஏற்கெனவே கோடிக்கணக்கில் கேட்கப்படுபவருக்குத்தான் பலிக்கும். மேலே சொன்ன ‘தி பிக் டே’யில் 22 ட்ராக், 77 நிமிடம். அதன் மேல் விழுந்த குறைகளில் நீளமும் ஒன்று. புதியவர் என்றால் 10 முதல் 13 பாட்டு, 32 முதல் 42 நிமிடம் போதும். வினைல் தட்டு அடிக்கும் எண்ணமிருந்தால் இன்னொரு காரணமும் சேரும்: 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 நிமிடத்தைத் தாண்டினால் ஒலியின் அளவும் பேஸும் இளைக்கத் தொடங்கும்.

கேள்வி: எழுதும்போது சரளமாக வரும் வெர்ஸ், மைக் முன்னால் பாதியில் மூச்சை வாங்கிவிடுகிறது. துண்டு துண்டாகப் பதிவு செய்தால் தவறா?

பதில்: தவறில்லை. ஆனால் முதலில் கணக்கைப் பாருங்கள். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) வேகத்தில் நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2.67 விநாடி. ஒவ்வொரு பாரிலும் பதினாறு அசையிடங்கள். எட்டு பாருக்கு எல்லா இடத்தையும் சொல்லால் நிரப்பினால் 21 விநாடிக்கு மூச்சுவிட வழியே இல்லை. இது நுரையீரலின் குறையல்ல, எழுத்தின் குறை. இரண்டு பாருக்கு ஒருமுறை, வரி முடியும் நான்காவது தட்டுக்குப் பின் அரைத் தட்டு காலி விடுங்கள். இயைபு விழுந்த கையோடு வரும் அந்த இடைவெளியில்தான் கேட்கிறவருக்கும் சொல் உறைக்கும்.

துண்டாகப் பதிவு செய்வதானால் முந்தைய இரண்டு பாரையும் கூடவே பாடிக்கொண்டு வந்து நுழையுங்கள். வெறுமனே வெட்டுப்பட்ட இடத்தில் தொடங்கினால் குரலின் வேகமும் உரப்பும் மாறி ஒட்டு தெரியும். மூச்சுச் சத்தத்தை முழுக்க வெட்டி எறியாதீர்கள். 6 முதல் 10 டெசிபல் குறைத்தால் போதும், இல்லாவிட்டால் இயந்திரம் பேசுவது போலிருக்கும். முழு வெர்ஸையும் ஒரே மூச்சில் மூன்று டேக் எடுத்து, அதில் சிறந்ததை அடித்தளமாக்கி, சறுக்கிய வரிகளை மட்டும் மாற்றுவதே எங்கள் தேர்வு. மேடையில் துண்டு துண்டாகப் பாட முடியாதே.

இரட்டைப் பதிவை (அதே வரியை மறுபடி பாடி மேலே அடுக்குவதை) ஒவ்வொரு வரியிலும் போடாமல் வரிக்கடைசிச் சொற்களில் மட்டும் போடுங்கள். ஆட்-லிப்களை (வரிகளுக்கு இடையிடையே போடும் கூவல்களை) 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, முதன்மைக் குரலைவிட 6 முதல் 8 டெசிபல் தாழ்த்தி, இடம் வலமாகத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: வீட்டில் பதிவு செய்கிறேன். மைக் நல்லதுதான். இருந்தும் குரல் பீட்டோடு கலக்காமல் தண்ணீரில் எண்ணெய் போல மேலே மிதக்கிறது. என்ன கோளாறு?

பதில்: பீட்டை எந்த வடிவில் வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. அனேகமாக ஒரே ஸ்டீரியோ எம்பி3 கோப்பாக இருக்கும். விற்பனைக்கு வைக்கும் பீட்டைக் கவர்ச்சியாகக் கேட்கவைக்க ப்ரொட்யூஸர் அதை லிமிட்டரில் (உச்சங்களை அடக்கிச் சத்தத்தைக் கூட்டும் கருவியில்) போட்டு நசுக்கியிருப்பார். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், செங்கல் மாதிரி தட்டையாக இருந்தால் அதுதான். அதில் குரலுக்கு இடமே மிச்சமில்லை.

சரியான தீர்வு, டிரம், 808, மெலடி என்று தனித்தனி ஸ்டெம்களாக (ஒவ்வொரு இசைத்தடமும் தனிக் கோப்பாக) 24 பிட் வேவ் வடிவில் கேட்டு வாங்குவது. ஆல்பத்துக்கு இது கட்டாயம். ஸ்டெம் கிடைக்கவே இல்லை என்றால்: பீட்டை முதலில் 6 முதல் 8 டெசிபல் இறக்குங்கள். அதன் மேல் ஒரு டைனமிக் ஈக்யூ (தேவைப்படும்போது மட்டும் குறிப்பிட்ட அதிர்வெண்களைத் தாழ்த்தும் கருவி) வைத்து, குரல் வரும்போது மட்டும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதி 2, 3 டெசிபல் தாழும்படி குரலோடு சைடுசெயின் (ஒன்றின் சத்தம் இன்னொன்றை இயக்கும் இணைப்பு) செய்யுங்கள். குரல் நின்றதும் பீட் தானாக நிமிர்ந்துவிடும்.

குரல் பக்கமும் பிழை இருக்கலாம். மைக்கிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர், நடுவில் பாப் ஃபில்டர், உச்ச அளவு மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில். வெற்றுச் சுவர் அறையின் எதிரொலி பதிவில் ஏறிவிட்டால் பிறகு கம்ப்ரஸர் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கருவி) அதையும் சேர்த்துத் தூக்கும். குரல் மிதப்பதாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இந்த எதிரொலிதான். துணி நிறைந்த அலமாரிப் பக்கம் முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதைத்தான் மைக் நேராகப் பார்க்கிறது.

கருவிகளைப் போடும் வரிசை: 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, பிறகு 4:1 கம்ப்ரஸரில் 3 முதல் 6 டெசிபல் குறைப்பு, பிறகு ‘ஸ’ சத்தத்தை அடக்க 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் டீ-எஸ்ஸர். எக்கோவும் ரிவெர்பும் தனி சானலில், தொட்டுக்கொள்ள மட்டும்.

கேள்வி: ஹெட்ஃபோனில் இடிக்கும் 808 பேஸ், ஃபோனில் காணாமல் போகிறதே?

பதில்: ரோலண்ட் 1980-ல் விட்ட டிஆர்-808 இயந்திரத்தின் கிக் ஒலியை நீட்டி மெட்டாக வாசிப்பதுதான் இன்றைய 808. அதில் கீழ் ‘இ’ சுரம் 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பலமாக ஒலிக்காது. நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் அங்கே ஒன்றும் வராது, காரில் மட்டும் கண்ணாடி அதிரும். செய்ய வேண்டியது 808-க்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச் சிதைவு). அதனால் 82, 123, 164, 205 என்று மேல் சுரங்கள் பிறக்கும். காது அவற்றைக் கேட்டுக் கீழ்ச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும்.

கூடவே, 808-ஐப் பாட்டின் சுருதிக்குச் சேர்த்தீர்களா என்றும் பாருங்கள். ஃபோனில் தெரியாத சுருதிப் பிசகு நல்ல ஸ்பீக்கரில் காட்டிக்கொடுத்துவிடும். கிக்கும் 808-ம் ஒரே நொடியில் விழுந்தால் கிக் அடிக்கும்போது 808 சற்று ஒதுங்கும்படி சைடுசெயின் வையுங்கள்.

கேள்வி: மாஸ்டரிங்கில் (பாட்டை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசிக் கட்டத்தில்) சத்தத்தை எவ்வளவு ஏற்றலாம்?

பதில்: ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன் செய்து ஒலிக்கவிடும். மைனஸ் 8-ல் அடித்துக் கொடுத்தால் 6 டெசிபல் இறக்கிவிடும். நசுங்கியது நசுங்கியதுதான், சத்தம் மட்டும் கிடைக்காது. ராப்புக்கு அந்த நசுங்கலே அழகு என்று விரும்பிச் செய்பவர்கள் உண்டு, செய்யட்டும். ஆனால் அவ்வளவு உரக்கச் செய்தால் உச்ச அளவை மைனஸ் 2 டெசிபலுக்குக் கீழே நிறுத்துங்கள். இல்லையேல் கோப்பைச் சுருக்கும்போது கரகரப்பு ஏறும்.

கேள்வி: ஆட்டோட்யூன் (குரலின் சுருதியைத் தானே திருத்தும் மென்பொருள்) போட்டுப் பாடுகிறவர் ராப்பரா?

பதில்: ஆம். ஆனால் பாட்டின் சுருதியைத் தப்பாகக் கொடுத்துவிட்டு, கருவியைத் திட்டக்கூடாது. பாடி முடித்த பிறகு போடுவதைவிட, பாடும்போதே காதில் கேட்கவிடுங்கள், தொண்டை அதற்கேற்ப வளையும். குரல் காதில் தாமதமாக விழாதிருக்க, பதிவு மென்பொருளின் பஃபர் அளவு 128 சாம்பிள் அல்லது அதற்குக் கீழ்.

கேள்வி: ‘எக்ஸ்க்ளூசிவ்’ உரிமை என்று கூடுதல் பணம் கொடுத்து ஒரு பீட் வாங்கினேன். பாட்டை யூடியூபில் ஏற்றியதும் வேறு ஒருவர் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எக்ஸ்க்ளூசிவ் என்றால் ‘இன்று முதல் வேறு யாருக்கும் விற்கமாட்டேன்’ என்றுதான் பொதுவாகப் பொருள். நீங்கள் வாங்கும் முன் அதே பீட்டை லீஸ் (வாடகை உரிமை) எடுத்த இருபது பேரின் உரிமை அவரவர் ஒப்பந்தக் காலம் வரை செல்லும். அவர்களில் ஒருவர் தன் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் (யூடியூபின் உரிமை அடையாளப் பதிவேட்டில்) பதிந்துவிட்டால், அதே பீட் ஒலிக்கும் எல்லாப் பாட்டும் அவருடையது போல யூடியூபுக்குத் தோன்றும். லீஸ் எடுத்தவர் அப்படிப் பதியக் கூடாது என்பது பெரும்பாலான லீஸ் தாள்களில் எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. உங்கள் ஒப்பந்தத்தை இணைத்து மறுப்பு அனுப்புங்கள், ப்ரொட்யூஸரையும் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு வழியிலும் இது நேரும். ப்ரொட்யூஸரே யாவருக்கும் பொதுவான லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத்துண்டு) தொகுப்பிலிருந்து மெலடியை எடுத்திருப்பார். அந்த லூப்பை யாரும் பயன்படுத்தலாம், தனக்கு மட்டுமே சொந்தம் என்று யாரும் பதியக் கூடாது. ஆகவே வாங்கும் முன் மூன்று கேள்வி: இதுவரை எத்தனை லீஸ் போயிருக்கிறது? மெலடி யாருடையது? ஸ்டெம் தருவீர்களா? பதிவு முடிந்த அன்றே பங்குத்தாள் (யாருக்கு எவ்வளவு உரிமை என்ற தாள்) எழுதிவிடுங்கள். இசை, வரி இரண்டும் சேர்ந்த படைப்புரிமையில் ப்ரொட்யூஸருக்குப் பாதி என்பது ராப்பில் பரவலான வழக்கம். ஹூக் எழுதிய நண்பருக்கு எவ்வளவு என்பதைப் பாட்டு ஹிட்டான பிறகு பேச உட்கார்ந்தால் நட்பும் போகும், பாட்டும் போகும்.

கேள்வி: பழைய பாட்டிலிருந்து இரண்டு விநாடி சாம்பிள் எடுத்தால் அனுமதி தேவையில்லையாமே?

பதில்: யார் சொன்னது? இத்தனை விநாடி வரை இலவசம் என்று ஒரு சட்டமும் இல்லை. அமெரிக்காவில் 1991-ல் ராப்பர் பிஸ் மார்க்கி, பாடகர் கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டொன்றை அனுமதியில்லாமல் சாம்பிள் செய்த வழக்கில் நீதிபதி தீர்ப்பையே ‘திருடாதே’ என்ற விவிலியக் கட்டளையோடு தொடங்கினார். அன்றிலிருந்து சாம்பிள் அனுமதி என்பதே ஒரு தனித் தொழிலானது. 1989-ல் வந்த டி லா ஸோல் ராப் குழுவின் முதல் ஆல்பம், சாம்பிள் உரிமைச் சிக்கல்கள் தீராததால் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்கிலேயே இல்லை. ஒரு தலைமுறைக்கு அது கிடைக்காமலே போயிற்று.

அனுமதி இரண்டு இடத்தில் வாங்க வேண்டும்: ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாட்டை இயற்றியவரின் பதிப்புரிமையாளரிடம் ஒன்று. அதே மெட்டை நீங்களே புதிதாக வாசித்துப் பதிவு செய்தால் முதலாவது தேவையில்லை, இரண்டாவது மட்டும் போதும். செலவு குறைய இதுவே வழி. அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் மிக்ஸிங் முடியும்வரை காத்திருக்காமல், பாட்டு ஆல்பத்தில் உறுதியான அன்றே கடிதம் போட வேண்டும். மறுத்துவிட்டால் மாற்று பீட்டில் பாட, குரல் தனி ஸ்டெமாக இருக்கட்டும்.

கேள்வி: லேபிள் பெரிய அட்வான்ஸ் தருகிறது. ஆல்பம் ஓடாவிட்டால் திருப்பித் தர வேண்டுமா?

பதில்: வழக்கமான ஒப்பந்தத்தில் கையிலிருந்து திருப்ப வேண்டியதில்லை. ஆனால் ஓடினால் எப்போது காசு வரும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அட்வான்ஸ் 100 என்று வையுங்கள். உங்கள் கணக்கில் ஏற்றப்படும் ஸ்டூடியோ, வீடியோ செலவு 60. மொத்தம் 160. உங்கள் ராயல்டி 20 சதவீதம். ஆல்பம் 500 சம்பாதித்தால் உங்கள் பங்கு 100, அது முழுக்க 160-ல் கழியும். இன்னும் 60 பாக்கி. லேபிளுக்கோ போட்ட 160 போக 340 மிச்சம். ஆல்பம் 800 சம்பாதித்த பிறகுதான் உங்கள் கைக்கு முதல் காசு. அந்த 20 சதவீதத்துக்குள்ளிருந்தே ப்ரொட்யூஸர்களின் 3, 4 சதவீதமும் போகும் என்று எழுதியிருந்தால் 800-ம் போதாது.

ஒரு வக்கீலை வைத்து மூன்றை மட்டுமாவது பேசுங்கள்: மாஸ்டர் (மூல ஒலிப்பதிவின்) உரிமை எத்தனை ஆண்டில் உங்களிடம் திரும்பும், எந்தெந்தச் செலவை உங்கள் கணக்கில் ஏற்றலாம், முதல் ஆல்பத்தின் பாக்கியை இரண்டாவதன் வருமானத்தில் கழிப்பார்களா. கடைசியாகச் சொன்னதில்தான் பலர் சிக்குகிறார்கள்.

கேள்வி: தனிப்பாடலாக முன்பே விட்ட இரண்டு பாட்டை ஆல்பத்தில் சேர்க்கிறேன். பழைய கேட்பு எண்ணிக்கை போய்விடுமா?

பதில்: அதே ஒலிக்கோப்பு, அதே ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரும் அடையாளக் குறி) கொடுத்தால் போகாது. பன்னிரண்டு எழுத்துள்ள அந்த எண் பதிவுக்கு உரியது, வெளியீட்டுக்கு அல்ல. விநியோகத் தளம் தானாகப் புது எண் போட முனையும், பெட்டியில் பழையதை நீங்களே நிரப்ப வேண்டும். புதிதாக மிக்ஸ் செய்தாலோ, கெட்ட வார்த்தை நீக்கிய பிரதியானாலோ தனி எண். நீக்கிய பிரதி, குரல் இல்லாத பிரதி, குரல் மட்டும் உள்ள பிரதி மூன்றையும் மிக்ஸிங் நாளன்றே எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்தக் கணினியில் ப்ளக்-இன் திறக்காது.

ஆல்பத்தைக் குறைந்தது நான்கு வாரம் முன்னதாக ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் தொகுக்கும் எடிட்டர்களுக்கு விண்ணப்பிக்க வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் பாட்டு அங்கே இருந்தாக வேண்டும், அதிலும் ஒரு சமயத்தில் ஒரு பாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். அது எது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பாட்டுக்கு நடுவே வரும் பேச்சுத் துண்டு, அதாவது ஸ்கிட், அவசியமா?

பதில்: கதை கோர்வையாகப் போகும் ஆல்பத்துக்கு உதவும். இரண்டாம் முறை கேட்கும்போதும் சிரிப்போ பதைப்போ வந்தால் வையுங்கள். பாட்டின் வாலில் ஒட்டாதீர்கள், பிளேலிஸ்டில் அந்தப் பாட்டை மட்டும் கேட்பவர் ஒரு நிமிடம் யாரோ கதவு தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். தனி ட்ராக்காக வைப்பதில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு கேட்பு. 25 விநாடி ஸ்கிட்டை ஊரே கேட்டாலும் எண்ணிக்கை பூஜ்யம்.